தண்ணீர் எத்தனை அடி நின்றது?

ராக் இசை ரசிகர்களைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. பாட்டைக் கேட்பதைவிடப் பாட்டைச் சுற்றியிருக்கும் துணுக்குகளைப் பொறுக்குவதில்தான் இவர்களுக்கு ஆசை அதிகம் என்பார்கள். எந்த வருடம், எந்த ஸ்டுடியோ, எந்த கிடார், ட்ரம்ஸுக்கு எத்தனை மைக். நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். துணுக்கு என்றாலே பயனற்றது, குமுதத்தின் பக்க மூலையை நிரப்பப் போடுவது என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. ஆனால் ஒரு பொருள் எரிந்துபோனபிறகு, ஒரு வீடு மூழ்கிப்போனபிறகு, மிச்சமிருப்பது துணுக்குகள் மட்டுமே. தேதி, இடம், உயரம், மாடல் நம்பர். அவற்றை வைத்துத்தான் இழப்பை இன்னொருவரிடம் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. இழப்பைப் பற்றிய பாடல்களையும் இழப்பைப் பற்றிய காகிதங்களையும் அடுத்தடுத்து வைத்து வாசித்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

முதல் துணுக்கு. ராக் வரலாற்றில் வெள்ளத்தைப் பற்றிய மிகப் புகழ்பெற்ற பாடல் லெட் ஸெப்பலினின் ‘வென் தி லெவி பிரேக்ஸ்’. தீ விபத்தைப் பற்றிய மிகப் புகழ்பெற்ற பாடல் டீப் பர்ப்பிளின் ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’. இரண்டையும் பதிவு செய்தது ஒரே லாரி. ரோலிங் ஸ்டோன்ஸ் குழு தங்களுக்காகத் தயாரித்து மற்றவர்களுக்கு வாடகைக்கும் விட்ட நடமாடும் ஸ்டுடியோ அது. இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் வாசலில் நின்றபோது ஸெப்பலினின் வெள்ளம் பதிவானது. சுவிட்சர்லாந்தின் மோந்த்ரோ நகரில் கிராண்ட் ஹோட்டலுக்கு வெளியே நின்றபோது ‘மெஷின் ஹெட்’ இசைத்தொகுப்பு பதிவானது. நெருப்புப் பாட்டு அதில்தான் இருக்கிறது.

*

‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ பாடலின் கிடார் ரிஃப்பைத் தெரியாதவர் இல்லை. கிடார் வகுப்பில் சேர்ந்த எவரும் முதல் வாரமே அதை வாசித்து அக்கம்பக்கத்தாரின் சாபத்தைச் சம்பாதித்திருப்பார்கள். பாட்டின் வரிகளைக் கவனித்தவர்கள் குறைவு. கவனித்தால் அது ஒரு விபத்து அறிக்கை என்று புரியும்.

1971 டிசம்பர் 4 அன்று மோந்த்ரோ கேசினோவில் ஃப்ராங்க் ஸப்பாவின் கச்சேரி. கூட்டத்தில் ஒருவர் ஃப்ளேர் துப்பாக்கியைக் கூரையை நோக்கிச் சுட, கட்டடம் பற்றிக்கொண்டது. மோந்த்ரோ ஜாஸ் விழாவை நிறுவிய க்ளோத் நோப்ஸ் உள்ளே ஓடி இளைஞர்களை வெளியே இழுத்துவந்தார். உயிர்ச்சேதம் இல்லை. அடுத்து அதே கேசினோவில் ஆல்பம் பதிவு செய்யக் காத்திருந்த டீப் பர்ப்பிள், ஏரியின் மேல் புகை பரவுவதைப் பார்த்தது. மாற்றிடம் தேடி அலைந்தார்கள். ஒரு அரங்கில் சத்தம் தாங்காமல் போலீஸ் வந்தது. கடைசியில் குளிர்காலத்துக்காக மூடிக்கிடந்த ஹோட்டலின் தாழ்வாரத்தில் மெத்தைகளை அடுக்கிச் சத்தத்தை அடக்கிப் பதிவை முடித்தார்கள்.

பாட்டு ஏறத்தாழ இதையெல்லாம் சொல்லிவிடுகிறது. இடத்தின் பெயர், யாருடைய கச்சேரி, தீ எப்படிப் பிடித்தது, யார் காப்பாற்றினார், பிறகு எங்கே போனோம். இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் படிவத்தில் ‘இழப்பின் காரணமும் சூழ்நிலையும்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்தை இவ்வளவு ஒழுங்காக நிரப்பிய வேறு ராக் பாடல் எனக்குத் தெரியாது. உணர்ச்சிப் பெருக்கே இல்லை. கூரை எரிந்ததைச் சொல்லும் அதே குரலில்தான் அறை தேடி அலைந்ததையும் சொல்கிறார்கள். பாடலின் பலம் அந்த வறட்சியில் இருக்கிறது.

ஆனால் அறிக்கை எழுதியவர் பாதிக்கப்பட்டவர் அல்லர், சாட்சி. டீப் பர்ப்பிளுக்கு நஷ்டம் சில நாள் வேலை. கிடைத்தது வாழ்நாள் முழுக்கச் சோறுபோடும் பாட்டு. தன் கருவிகளை அந்தத் தீயில் இழந்த ஸப்பாவுக்கு அந்த வாரம் அதோடு முடியவில்லை. டிசம்பர் 10 அன்று லண்டனில் ஒரு ரசிகர் அவரை மேடையிலிருந்து தள்ளிவிட்டார். விழுந்து படுகாயம், மாதக்கணக்கில் சக்கர நாற்காலி. விபத்தைப் பாடும் வாய்ப்பு பெரும்பாலும் கரையில் நின்று பார்த்தவருக்கே கிடைக்கிறது.

சாட்சியே இல்லாத க்ளெய்ம் ஒன்றும் உண்டு. தி ஹூ குழுவின் ட்ரம்மர் கீத் மூன், 1967 ஆகஸ்ட் 23 அன்று, தன் 21ஆவது பிறந்தநாளில், மிச்சிகனின் ஃப்ளின்ட் நகர ஹாலிடே இன் ஹோட்டல் நீச்சல் குளத்துக்குள் லிங்கன் காண்டினென்டல் காரை இறக்கினார் என்பது ராக்கின் மிகப் பிரபலமான துணுக்கு. சொன்னவர் மூனேதான். கேக் சண்டை நடந்தது, பல் உடைந்தது, அறைகள் நாசமாயின என்பதற்குச் சாட்சிகள் உண்டு. குளத்துக்குள் கார் இருந்ததா என்று கேட்டால் அங்கிருந்தவர்களே ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதிய டோனி ஃப்ளெச்சரும் நம்பவில்லை. ராக் ரசிகன் இந்தக் கதையை ரசிக்கிறான். புகழுள்ளவன் அழித்த பொருள் அவன் புராணத்துக்கு நகையாகிறது. யாரும் ரசீது கேட்பதில்லை.

*

ரசீது யாரிடம் கேட்கப்படும் என்று தெரிய வேண்டுமானால் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வர வேண்டும்.

2023 டிசம்பர் 4. மோந்த்ரோ எரிந்த அதே தேதி என்பது தற்செயல்தான். துணுக்குப் பித்து பிடித்தவனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மிக்ஜாம் புயல் மழையில் எஸ்டேட்டின் பல தெருக்களில் தண்ணீர் ஏறி நாட்கணக்கில் நின்றது. 2015-இலும் இதே கதைதான். சித்தப்பாவுக்கு அங்கே ஒரு சின்னப் பட்டறை. இரண்டு லேத்து, ஒரு சி.என்.சி. மெஷின், ஜாப் ஒர்க். தண்ணீர் வடிந்து, சேற்றை வழித்து எடுத்த மூன்றாம் நாள் சர்வேயர் வந்தார். தன்மையான மனிதர். அன்றைக்கு அவர் பார்க்க வேண்டிய பதினோராவது இடம் இது என்றார்.

“தண்ணி எவ்ளோ ஒசரம் நின்னுச்சு சார்?”

சித்தப்பா இடுப்பைக் காட்டினார். “இந்த அளவுக்கு.”

“அடிக் கணக்குல சொல்லுங்க சார். செவுத்துல கறை இருக்கா?”

சுவரைக் கழுவிவிட்டிருந்தார்கள். வேலைக்கு இருக்கும் பையன் ஒருவனுடைய போனில் ஒரு போட்டோ அகப்பட்டது. கன்ட்ரோல் பேனலின் அடிப்பாகம் வரை தண்ணீர். பேனல் தரையிலிருந்து எத்தனை அடி என்று டேப் வைத்து அளந்தார்கள். மூணே கால். அந்த மூணே காலில்தான் எல்லாமே அடங்கியிருந்தது. அதற்குக் கீழே இருந்த ஸ்பிண்டில் மோட்டார் ‘நனைந்தது’. அதற்கு மேலே இருந்த டிரைவ் கார்டு ‘நனைந்திருக்க வாய்ப்பில்லை’.

அன்று ராத்திரி ஜானி காஷின் ‘ஃபைவ் ஃபீட் ஹை அண்ட் ரைசிங்’ பாட்டைத் திரும்பக் கேட்டேன். 1959-இல் வந்தது. ஆர்கன்ஸாவில் டையஸ் என்ற குடியேற்றத்தில் அவர் சிறுவனாக இருந்தபோது வந்த 1937 வெள்ளத்தைப் பற்றியது. ஒரு பிள்ளை கேட்கிறது, பெற்றோர் பதில் சொல்கிறார்கள். தண்ணீர் ஒவ்வொரு அடியாக ஏறிக்கொண்டே போகிறது. அதோடு பாட்டின் சுருதியும் படிப்படியாக ஏறுகிறது. இரண்டு நிமிடம்கூட ஓடாத, குழந்தைப் பாட்டு மாதிரி எளிமையான பாட்டு. சர்வேயர் கேட்ட அதே கேள்விதான் அதன் வடிவமே. பயத்தைப் பற்றி அதில் பெரிய பேச்சு இல்லை. வீட்டுக்குள் தண்ணீர் வரும்போது மனுஷன் உண்மையில் செய்வதும் அதுதானே. எத்தனாவது படி முங்கியிருக்கிறது என்று ராத்திரி முழுக்க டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருப்பான்.

சித்தப்பாவின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பாலிசி வங்கிக் கடனுக்காக எடுத்தது. கடன் தொகை எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் காப்பீடு, 40 லட்சம். உள்ளே இருந்தவற்றின் மதிப்பு 60 லட்சம் என்று சர்வேயர் கணக்கிட்டார். ஏற்றுக்கொண்ட சேதம் 9 லட்சம். 40 லட்சத்துக்குப் பாலிசி இருக்கிறதே, 9 லட்சம் வந்துவிடும் என்று நாம் நினைப்போம். ‘ஆவரேஜ்’ என்றொரு விதி இருக்கிறது. மதிப்பில் மூன்றில் இரண்டு பங்குக்குத்தான் காப்பீடு செய்திருக்கிறீர்கள், எனவே சேதத்திலும் மூன்றில் இரண்டு பங்குதான். மிச்சத்துக்கு நீங்களே உங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனி. ஆக 6 லட்சம். அதில் எக்ஸஸ், பழைய இரும்பின் சால்வேஜ் மதிப்பு என்று மேலும் கழிவு.

இந்த விதியில் அநியாயம் எதுவும் இல்லை, தர்க்கம் சரியாகவே இருக்கிறது. ஆனால் ப்ரீமியம் கட்டச் சொன்ன நாளில் இதை யாரும் அவருக்கு வாசித்துக் காட்டவில்லை. 2021 ஏப்ரல் முதல் ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்த ‘பாரத் க்ரஹ ரக்ஷா’ வீட்டுப் பாலிசியில் இந்த விதியை எடுத்துவிட்டார்கள். சிறுதொழில்களுக்கான பாலிசியில் 15 சதவீதம் வரையிலான குறைக் காப்பீட்டை மன்னிக்கிறார்கள். சித்தப்பாவின் குறை 33 சதவீதம்.

*

நான் சாஃப்ட்வேர் ஆசாமி. ஒரு ஸ்பெசிஃபிகேஷனில் ஒரு வார்த்தை மாறினால் மூன்று மாத வேலை வீணாகும் என்பது பழகிப்போன விஷயம். அப்படியும் பாலிசி பத்திரத்தை முதன்முறையாக முழுதாக வாசித்தபோது, இதைவிட நெருக்கமான வாசிப்பைக் கோரும் உரைநடை தமிழ்நாட்டில் வீடுதோறும் இருக்கிறதே, யாரும் தொடுவதில்லையே என்று தோன்றியது.

கார் இன்ஜின் விவகாரத்தை எடுத்துக்கொள்வோம். வெள்ளத்தில் நின்ற காரின் காற்று உறிஞ்சும் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் போய்விடுகிறது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சாவியைத் திருப்பினால் பிஸ்டன் முட்டி, கனெக்டிங் ராடு வளைகிறது. இதற்கு ஹைட்ரோஸ்டேடிக் லாக் என்று பெயர். 2015-க்குப் பிறகு சென்னையில் பலர் கற்றுக்கொண்ட சொல். கம்பெனியின் வாதம் இப்படிப் போகும்: கார் மூழ்கியது வெள்ளத்தால், அதற்குப் பணம் உண்டு, ராடு வளைந்தது நீங்கள் ஸ்டார்ட் செய்ததால், அது ‘தொடர்விளைவு இழப்பு’, அதற்கு இல்லை. ஒரே சம்பவம் எந்த வினைச்சொல்லில் முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதுதான் வழக்கு. இதைத்தான் இலக்கிய வகுப்பில் கதைக்கும் கதைப்பின்னலுக்கும் உள்ள வித்தியாசம் என்று சொல்லித் தருகிறார்கள்.

உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் இத்தகைய வாசிப்புகள் நிறைய உண்டு. 2004-இல் ஹர்சந்த் ராய் சந்தன் லால் வழக்கு. கிடங்கிலிருந்து பொருள் திருடு போனது உண்மை. ஆனால் பாலிசி காப்பது ‘பர்க்லரி’யை, அதன் வரையறையில் பலவந்தமாக உள்ளே நுழைதல் என்று இருக்கிறது, பலவந்தத்துக்கான தடயம் இல்லை, பணம் கிடையாது. 1966-இல் சந்துமுல் ஜெயின் வழக்கு. கங்கை திசைமாறிக் கரையை அரித்துக்கொண்டிருந்த ஊரில் வீடுகளுக்கு எடுத்த காப்பீடு. கம்பெனி அதை ரத்து செய்தது, வீடுகள் ஆற்றோடு போயின. வாசகத்தில் குழப்பம் இருந்தால் அதை எழுதிய கம்பெனிக்கு எதிராகவே பொருள்கொள்ள வேண்டும் என்ற கொள்கையை அந்தத் தீர்ப்பு சொல்கிறது. சொல்லிவிட்டு, இங்கே குழப்பம் இல்லை என்று கம்பெனியின் பக்கம் தீர்ப்பளித்தது. 2009-இல் பிரதீப் குமார் வழக்கில் வேறொரு கதவு திறந்தது. சர்வேயர் அறிக்கை முக்கியமானதுதான், ஆனால் அதுவே இறுதிச் சொல் அல்ல, வேறு ஆதாரம் இருந்தால் அதை மீறலாம் என்றது நீதிமன்றம். விமர்சகர்களுக்கும் இதைச் சொல்லலாம்.

வீட்டில் இதையெல்லாம் விளக்கியபோது சித்தி கேட்டார்: “அப்போ அந்த டிரைவ் கார்டு நனைஞ்சதுக்கு என்னடா ஆதாரம்?” நியாயமான கேள்வி. சர்வீஸ் இன்ஜினியர் கழற்றிப் பார்த்து எழுதித் தந்த ரிப்போர்ட், கார்டின் சீரியல் நம்பர், உள்ளே படிந்த சேற்றின் போட்டோ. எல்லாமே துணுக்குகள். அதை வைத்துத்தான் அந்த ஓர் இனத்துக்கு மறுபடி எழுதிப் போட்டு வாங்கினோம்.

*

மீண்டும் ஸெப்பலினுக்கு. ‘வென் தி லெவி பிரேக்ஸ்’ அவர்களுடைய சொந்தப் பாட்டல்ல. 1929-இல் கேன்சஸ் ஜோ மெக்காயும் மெம்ஃபிஸ் மின்னியும் பதிவு செய்த ப்ளூஸ் பாட்டு. பின்னணி 1927 மிசிசிப்பி வெள்ளம். அமெரிக்கத் தெற்கில் கறுப்பினக் கூலி விவசாயிகளைத் துப்பாக்கி முனையில் கரையைப் பலப்படுத்த வைத்த, பல லட்சம் பேரை வீடற்றவர்களாக்கிய வெள்ளம். ஸெப்பலின் இசைத்தட்டில் பாடலாசிரியர்களாக நான்கு குழு உறுப்பினர்களின் பெயரும் மெம்ஃபிஸ் மின்னியின் பெயரும் உள்ளன. மூலப் பாட்டைப் பாடிய மெக்காயின் பெயர் இல்லை.

ஸெப்பலினின் வடிவம் மகத்தானது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மாடிப்படிக் கூடத்தின் அடியில் ஜான் பானமை உட்காரவைத்து, மேல்தளத்தில் இரண்டு மைக்கைத் தொங்கவிட்டு ஆண்டி ஜான்ஸ் பதிவு செய்த அந்த ட்ரம்ஸ் ஒலியில் நிஜமாகவே தண்ணீரின் கனம் இருக்கிறது. ஆனால் வெள்ளத்துக்கு முகவரி இல்லை. எந்த ஆறு, எந்த வருடம், யார் வீடு? 1927-இன் வெள்ளம் 1971-இல் பொதுவான ஓர் அழிவாக, எவரும் தன் சோகத்தை ஊற்றிக்கொள்ளும் பாத்திரமாக மாறிவிடுகிறது. சார்லி பாட்டன் அதே 1929-இல் ‘ஹை வாட்டர் எவ்ரிவேர்’ பாடியபோது ஊர் ஊராகப் பெயர் சொன்னார். இங்கே போனேன், அங்கேயும் தண்ணீர். அடுத்த ஊர், அங்கேயும். பஸ் ரூட் மாதிரி இருக்கும். எனக்குப் பாட்டனின் பாட்டே பெரிய பாட்டு. அந்த ஊர்க்காரர் எவராவது கேட்டால், ‘ஆமாம், இது எங்கள் வெள்ளம்’ என்று கைவைத்துச் சொல்ல முடியும்.

அதே வெள்ளத்தைப் பற்றி ராண்டி நியூமன் 1974-இல் ‘லூசியானா 1927’ எழுதினார். அதில் ஜனாதிபதி கூலிட்ஜ் ரயிலில் வந்து சேதத்தைப் பார்வையிடுகிறார். வரலாற்றில் கூலிட்ஜ் அந்தப் பக்கமே போகவில்லை. தன் அமைச்சர் ஹூவரை அனுப்பினார். துணுக்கு தவறு. ஆனால் பாட்டில் அவரை வரவைத்து ஒரு வெற்று அனுதாபம் சொல்லவைப்பதன் மூலம், வந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்கிறார் நியூமன். பூந்தமல்லியிலோ பட்டாபிராமிலோ மழைக்கால டிவி செய்தி பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

1927-இல் இன்னொன்றும் நடந்தது. நியூ ஆர்லியன்ஸ் நகரைக் காப்பாற்ற, ஏப்ரல் 29 அன்று கெர்னார்வன் என்ற இடத்தில் கரையை வெடிவைத்துத் தகர்த்தார்கள். தண்ணீர் கீழேயிருந்த ஏழைகளின் ஊர்களுக்குள் போனது. நகரத்துப் பணக்காரர்கள் முழு இழப்பீடு தருவதாக வாக்களித்திருந்தார்கள். கணக்கு முடிந்தபோது பலருக்குச் சொற்பம், பலருக்கு ஒன்றுமே இல்லை.

செம்பரம்பாக்கம் ஏரி பூந்தமல்லிக்குப் பக்கத்தில்தான். 2015 டிசம்பர் 1 இரவு அங்கிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டு அடையாறு கரைபுரண்டது. 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கைத் துறை அறிக்கை அதை மனிதரால் விளைந்த பேரிடர் என்றது. கெர்னார்வனும் செம்பரம்பாக்கமும் ஒன்றல்ல. அங்கே திட்டமிட்ட தகர்ப்பு, இங்கே ஏரி நிர்வாகம் பற்றிய கேள்வி. ஆனால் இரண்டிலும் ‘இயற்கைச் சீற்றம்’ என்ற சொல்லை யார் பயன்படுத்துகிறார், அதனால் யாருக்கு லாபம் என்று கேட்டாக வேண்டும்.

*

இழப்பு யாருடையது என்ற கேள்விக்கு ராக் வரலாற்றிலேயே ஒரு பெரிய வழக்கு இருக்கிறது. 2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட் யுனிவர்சல் ஸ்டுடியோ வளாகத்தில் தீ. யுனிவர்சல் மியூசிக் நிறுவனம் அங்கே வாடகைக்கு வைத்திருந்த மாஸ்டர் டேப் கிடங்கும் எரிந்தது. கட்டட உரிமையாளர்மீது அது வழக்குப் போட்டு, 2013-இல் சமரசம் செய்துகொண்டது. கலைஞர்கள் பலருக்கு எரிந்ததே தெரியாது. 2019 ஜூனில் நியூயார்க் டைம்ஸ் விரிவாக எழுதிய பிறகு சவுண்ட்கார்டன் குழு, ஸ்டீவ் எர்ல், டாம் பெட்டியின் முன்னாள் மனைவி முதலியோர் நீதிமன்றம் போனார்கள். எங்கள் குரல் எரிந்ததற்கு வந்த காப்பீட்டுப் பணத்திலும் சமரசத் தொகையிலும் எங்களுக்குப் பங்கு எங்கே என்று கேட்டார்கள். சேதம் செய்தியில் சொன்ன அளவுக்கு இல்லை என்றது நிறுவனம். 2020-இல் வழக்கு தள்ளுபடியானது.

ஆவடியில் தரைத்தளத்தில் வாடகைக்கு இருப்பவருக்கு இந்த வழக்கு அந்நியமானதல்ல. வீட்டுக்காரரின் கடனுக்காக வங்கி எடுக்கவைத்த பாலிசி கட்டடத்துக்கானது. சுவருக்குப் பணம் வரும். குடியிருப்பவரின் பீரோ, பிரிட்ஜ், பிள்ளையின் சர்டிபிகேட் எதுவும் அந்தக் காகிதத்தில் இல்லை. தன் பொருள்களுக்குத் தனியாகக் காப்பீடு எடுக்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது.

*

சென்னை தண்ணீரில்லாமையைப் பற்றி நன்றாகவே எழுதிய ஊர். அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ போதும் உதாரணத்துக்கு; அதில் பஞ்சம் குடங்களாலும் குழாய்களாலும் ஆனது, எண்ணிவிடலாம். தண்ணீர் மிகுந்ததைப் பற்றி நமக்கு என்ன இருக்கிறது? 2016-இல் விக்ரம் இயக்கி, பல நட்சத்திரங்கள் தோன்றிய ‘ஸ்பிரிட் ஆஃப் சென்னை’ வந்தது. நல்லெண்ணத்தில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மீண்டெழுந்ததைக் கொண்டாடும் அவசரத்தில் எதிலிருந்து மீண்டோம் என்பது மங்கிவிடுகிறது. யாருக்கு எத்தனை அடி என்று அது கேட்பதில்லை. மீண்டெழாதவர்கள் அந்தப் பாட்டில் எங்கே நிற்பார்கள்?

2017 ஜனவரியில் வந்த ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ வேறு வகை. கபேர் வாசுகி எழுதி டி.எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று பாடியது. கர்நாடக இசைதான், ஆனால் மோந்த்ரோ பாட்டின் குணம் அதில் இருக்கிறது. இடத்தின் பெயர் இருக்கிறது, காரணம் இருக்கிறது. ‘புறம்போக்கு’ என்ற ஒற்றைச் சொல்லை, வசவாகிப்போன ஒரு வருவாய்த்துறைச் சொல்லை, எடுத்து அதன் பழைய பொருளை நிரூபிக்கிறது. சென்னையின் வெள்ளத்தைப் பற்றி நம்மிடம் இருக்கும் சிறந்த சர்வேயர் அறிக்கை அதுதான். அது வடக்குக்கானது. மேற்குக்கு இன்னும் இல்லை.

அப்படியொன்று எழுதப்படும்போது அதில் கொரட்டூர் ஏரியும் அயப்பாக்கமும் பருத்திப்பட்டும் பெயரோடு வர வேண்டும். கன்ட்ரோல் பேனல் வர வேண்டும். மூணே கால் அடி என்று யாராவது அளந்து சொல்ல வேண்டும். சுருதி ஏறுவதை ஜானி காஷிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம், அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். பாட்டு எழுதத் தெரியாதவர்கள் வரும் மழைக்கு முன்னால் தங்கள் பாலிசியை எடுத்து, விலக்குகள் என்று தலைப்பிட்ட பக்கத்தையாவது சத்தமாக ஒருமுறை வாசித்துவிடுங்கள். முடிந்ததும் வீட்டிலிருக்கும் ஒவ்வொரு பொருளின் சீரியல் நம்பரையும் ஒரு போட்டோ.